உயரம் குறைந்த குழந்தைகளின் வாழ்க்கைத்தர அளவீடு

ஒரே வயதும் பாலினமும் கொண்ட 100 குழந்தைகளை உயர வரிசையில் நிறுத்தினால், கடைசி மூவருக்குள் வரும் குழந்தையை மருத்துவர்கள் உயரம் குறைந்தது என்பார்கள். இதற்கு 5 வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வரைபடமும், 5 முதல் 18 வரை இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2015 வரைபடமும் இந்தியாவில் பயன்படுகின்றன. குடும்ப வாகு, சத்துக்குறைவு, வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, டர்னர் நிலை, எலும்பு வளர்ச்சிக் கோளாறு எனக் காரணங்கள் பல. சுவரில் பொருத்திய அளவுகோல் உயரத்தைச் சொல்லிவிடும். அந்த உயரத்தோடு குழந்தையின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். அதற்கான கேள்வித்தாள்களே வாழ்க்கைத்தர அளவீடுகள்.

இந்தக் கேள்வி சூடுபிடித்தது சிகிச்சையால். காரணம் தெரியாத உயரக்குறைவுக்கும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட அமெரிக்கா 2003இல் அனுமதித்தது. பல ஆண்டுகள் தினமும் ஊசி, பெரும் செலவு, கிடைப்பது சில சென்டிமீட்டர். அந்தச் சென்டிமீட்டர்களால் வாழ்க்கை மேம்பட்டதா என்று கேட்காமல் இருக்க முடியாது. உயரம் குறைந்தாலே மனம் நொந்திருக்கும் என்ற ஊகமும் ஆட்டம் கண்டது. இங்கிலாந்தில் 1980களில் தொடங்கிய வெசெக்ஸ் வளர்ச்சி ஆய்வில், ஆரோக்கியமாக இருந்து உயரத்தில் மட்டும் பின்தங்கியவர்கள் மற்றப் பிள்ளைகளிடமிருந்து மனநிலையில் பெரிதாக வேறுபடவில்லை.

கருவிகள் இரு வகை. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது ஜேம்ஸ் வார்னி உருவாக்கிய பெட்ஸ்குவால். அதில் 23 கேள்விகள்: உடல் 8, உணர்ச்சி 5, நட்பு 5, பள்ளி 5. உயரக்குறைவுக்கென்றே ஐந்து ஐரோப்பிய நாடுகளில் உருவானது குவாலிஸி. 8 முதல் 18 வயதினர் தாமே பதில் எழுதுகிறார்கள்; 4 வயதிலிருந்து பெற்றோருக்குத் தனித்தாள் உண்டு.

பெட்ஸ்குவாலில் கடந்த ஒரு மாதத்தில் ஒரு சிக்கல் எவ்வளவு அடிக்கடி வந்தது என்பதற்கு 0 முதல் 4 வரை பதில். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் 100 மதிப்பெண், ‘ஏறக்குறைய எப்போதும்’ என்றால் 0. இடையில் 75, 50, 25. நட்புப் பகுதியில் ஒரு சிறுமி 0, 1, 2, 2, 0 என்று குறித்தால் கூட்டுத்தொகை 375, சராசரி 75. ‘கட்டை’ என்று கேலி செய்வதையும், தன் வயதினர் செய்வதைத் தன்னால் செய்ய முடியாததையும் அந்த இரண்டு 2கள் சொல்கின்றன.

எண் சுலபம், கேள்விதான் கடினம். பெட்ஸ்குவாலின் முதல் கேள்வி, நகரத் தெரு ஒன்றின் நீளத்துக்கு மேல் நடப்பது சிரமமா என்பது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு அப்பால், பொன்முடி மலைச்சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் கல்லாறு போன்ற அடிவாரத்தில் இந்தத் தூரத்துக்குப் பொருளே இல்லை. அங்கே நடை என்றால் ஏற்றம், ஆற்றங்கரைக் கல். உயரம் குறைந்த பிள்ளைக்குச் சிக்கல் தூரத்தில் இல்லை, பேருந்தின் முதல் படியிலும் எட்டாத கைப்பிடிக் கம்பியிலும் இருக்கலாம். ஆகவே மொழிபெயர்ப்பில் சொல் மாறினால் போதாது, காட்சியே மாற வேண்டும். அதே சூழலுள்ள சில குழந்தைகளிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்ட பிறகே தாளை இறுதி செய்வது முறை.

யார் பதில் சொல்கிறார் என்பதும் மதிப்பெண்ணை மாற்றும். உயரக்குறைவில் பெற்றோர் தரும் மதிப்பெண் பெரும்பாலும் பிள்ளை தருவதைவிடக் குறைவு. வேலை, கல்யாணம் பற்றிய கவலை பெற்றோருடையது. பிள்ளைக்கு நாளைய கபடி அணிதான் பெரிது. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு, தனித்தனியே பதிய வேண்டும்.

சத்துக்குறைவால் வரும் குள்ளத்தைத் தனியே பிரிப்பதும் அவசியம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் 5 வயதுக்கு உட்பட்டோரில் வளர்ச்சி குன்றியோர் 2015–16இல் 19.7 விழுக்காடு, 2019–21இல் 23.4. இவர்களிடம் குறையும் மதிப்பெண்ணில் வறுமையின் பங்கும் கலந்திருக்கும். அதை உயரத்தின் கணக்கில் எழுதக்கூடாது. ஒரே குழந்தையை மறுபடி அளக்கும்போதும், பெட்ஸ்குவாலின் மொத்த மதிப்பெண் குழந்தையின் தாளில் சுமார் 4.4, பெற்றோர் தாளில் 4.5 புள்ளியாவது நகர்ந்தால்தான் பொருளுள்ள மாற்றமாகக் கொள்வர்.