ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். திரையில் மூன்று அம்புக்குறி. அவள் கீபோர்டைத் தொடவேயில்லை. "தப்பா அடிச்சா கெட்டுப்போயிடுமாப்பா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1984-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகணும். பிரிண்ட் 2+2 என்பதற்குப் பதில் ப்ரான்ட் 2+2 என்று அடித்துவிட்டேன். மெஷின் 'மிஸ்டேக்' என்றது. நிஜமாகவே அதில் அந்த ஒரு வார்த்தைதான் வரும். கெடுத்துவிட்டேன் என்று பயந்தவன், காலேஜ் போகும்வரை கம்ப்யூட்டர் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை.

"இன்டர்பிரெட்டர்னா என்னப்பா?"

"ஆச்சி புனேக்கு வந்தா, பாஜிவாலாகிட்ட நீதானே கூட நின்னு ஒவ்வொண்ணா மராத்தியில சொல்றே? அந்த வேலைதான். மொத்த லிஸ்டையும் மராத்தியில எழுதிக் கொடுத்தனுப்பினா, அது கம்பைலர்."

இப்படியொரு துபாஷி பிறந்த கதை வேடிக்கை. 1950களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார். 'ஈவல்' என்றொரு ஃபங்ஷனைக் கோட்பாட்டுக்காகக் காகிதத்தில் எழுதினார். கூட வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல், இதை மெஷினிலேயே ஏற்றலாமே என்றார். கோட்பாடு வேறு, நடைமுறை வேறு என்று மெக்கார்த்தி சிரித்தார். ரஸ்ஸல் விடவில்லை. ஐ.பி.எம். 704-க்குக் கையாலேயே எழுதி ஓடவிட்டார்!

சாதாரண மனிதர்கள் கைக்கு அது வந்தது 1975-ல். ஆல்டேர் 8800 என்ற சின்னக் கம்ப்யூட்டருக்கு பில் கேட்ஸும் பால் ஆலனும் பேசிக் இன்டர்பிரெட்டர் எழுதினார்கள். கையில் ஆல்டேரே கிடையாது. ஹார்வர்டின் பி.டி.பி.-10 கம்ப்யூட்டரை ஆல்டேர் மாதிரி நடிக்கவைத்து எழுதினார்கள். (தசமக் கணக்குப் பகுதியை எழுதிய மாண்டி டேவிடாஃபை அதிகம் பேர் நினைப்பதில்லை, பாவம்.)

ஆலன் காகித டேப்போடு ஆல்புகெர்க்கிக்கு விமானம் ஏறினார். விமானம் இறங்கப்போகும் நேரத்தில்தான் உறைத்தது, டேப்பை மெஷினுக்குள் ஏற்றும் லோடர் ப்ரோக்ராமை எழுதவேயில்லை! தாலி எடுக்க மறந்த மாப்பிள்ளை கதைதான். விமானத்திலேயே எழுதி முடித்தார். நிஜ ஆல்டேரில் முதல்முறை டேப் ஏறியதும் அடித்தது: பிரிண்ட் 2+2. பதில் வந்தது: 4.

அதே கணக்கு! எனக்கு மட்டும் ஒரு எழுத்து சறுக்கிவிட்டது. 'மிஸ்டேக்'குக்குக் கீழேயே அம்புக்குறி மறுபடி வந்து காத்துக்கொண்டுதான் இருந்தது. மறுபடி அடிடா என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மகளிடம், ஒண்ணை சைபரால் வகுக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி அடித்தாள். நாலு வரிக்குத் திட்டியது. கீழே மறுபடி மூன்று அம்புக்குறி.

"இன்னொரு தப்பு சொல்லுப்பா" என்றாள்.