வந்து வந்து போகும் லைன்: தானா ராத்தாவில் வீட்டு இணையத்தின் கதை

வீட்டு இணையம் கெடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று செத்த லைன். மற்றது வந்து வந்து போகும் லைன். செத்த லைனைக் கண்டுபிடிப்பது எளிது: எங்கோ அறுந்திருக்கிறது, அந்த இடத்தைத் தேடிப் போய் ஒட்டினால் முடிந்தது. வந்து போகும் லைன்தான் ஆளைச் சோதிக்கும். பழுது பார்க்க ஆள் வரும் நேரத்தில் அது நல்ல பிள்ளையாக ஓடும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை வாங்கும் மலேசிய மலை ஊரான தானா ராத்தாவிலும் அதைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களிலும் இந்த இரண்டாம் வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. கம்பி மாறிய ஒவ்வொரு முறையும் பழுது ஒளிந்துகொள்ளும் இடமும் மாறியது.

1885-இல் வில்லியம் கேமரன் நில அளவைக்காக வந்துபோன இந்த மலை, அடுத்த நாற்பது ஆண்டுகள் கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே குடியேற்றத் திட்டம் சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து ஏறும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைவுச் சாலை 1930-களின் தொடக்கத்தில் மேலே வந்து சேர்ந்தது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் 1933-இல் தொடங்கிய பாரத் தோட்டமும் தமிழ்த் தொழிலாளர்களின் கையால் வளர்ந்தன. மலையில் கம்பிக்குத் தனி வழி வெட்ட முடியாது; சாலை போகும் ஓரமே கம்பிக்கும் வழி. அதனால் மண்சரிவு வந்தால் சாலையும் கம்பியும் ஒன்றாகப் போயின. தோட்டங்களில் தொலைபேசி என்றால் துரை பங்களாவிலும் ஆபீசிலும் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இருந்தவர்களுக்கு அவசரச் செய்தி ஆபீஸ் கிராணி வழியாகத்தான் வந்தது. இந்த ஏற்றத்தாழ்வு பின்னாளில் இணையத்துக்கும் அப்படியே கடந்து வந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது: செம்புக் கம்பி வந்து சேராத வாசலுக்கு, செம்புக் கம்பி வழியே வந்த இணையமும் வந்து சேரவில்லை.

மலேசியாவில் பொது மக்களுக்கான இணையத்தை 1990-களின் முற்பகுதியில் மிமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் கொண்டுவந்தது. 1996-இல் தொலைபேசி நிறுவனமான டெலிக்கோமின் டிஎம்நெட் வந்தது. 1515 என்ற எண்ணைச் சுற்றினால் மோடம் கிறீச்சிட்டு இணையும். அந்தக் காலத்துப் பழுதுகள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்தது; இன்னொரு அழைப்பு காத்திருக்கிறது என்ற பீப் ஒலி வந்தாலும் அறுந்தது. சோதனைக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ரிசீவரைக் காதில் வைத்து, எண் சுற்றும் ஒலிக்குப் பின்னால் கரகரப்பு கேட்கிறதா என்று கவனித்தால் போதும். கேட்டால் குறை லைனில். கேட்காவிட்டால் குறை கம்ப்யூட்டரில் அல்லது மறுமுனையில்.

2001-இல் டெலிக்கோமின் அதிவேக இணையமான ஸ்ட்ரீமிக்ஸ் வந்ததும் இந்தக் காது சோதனை போதாமல் போனது. அதே செம்புக் கம்பியில் குரல் 4 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடுகிறது, இணையமோ 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறுகிறது. குரலுக்குத் தெரியாத சிறு குறை இணையத்தைக் கவிழ்த்துவிடும். "போன் நல்லா பேசுதே, லைன்ல என்ன குறை?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். இன்னொரு தடை தூரம். தொலைபேசி நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் வேகம் நன்றாக இருக்கும். ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் இணைவதே அரிது. மலைச் சாலையில் வளைந்து வளைந்து வரும் கம்பியின் நீளம், கண்ணுக்குத் தெரியும் தூரத்தைவிட எப்போதும் அதிகம். எதிர்ச் சரிவில் நகரத்து விளக்குகள் தெரியும் தோட்டத்து வீட்டுக்கும் லைன் எட்டாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

லைன் எட்டிய வீடுகளிலும் ஈரம் விடவில்லை. தெருக் கம்பத்து டிபி பெட்டிக்குள் வெளிக் கம்பியும் வீட்டுக் கம்பியும் சேரும் இடத்தைத் திறந்து பார்த்தால், செம்பின் மேல் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். திருகாணியைச் சுற்றி நீர்த்துளி நிற்கும். ஒரு லைன் என்பது முறுக்கிய இரண்டு கம்பிகள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் ஏறுவதால் மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துவிடுகிறது. ஈரம் பட்டு ஒரு கம்பியின் மின்சாரம் மண்ணுக்குக் கசியத் தொடங்கினால் இந்தச் சமநிலை போய்விடும். இரைச்சல் உள்ளே வரும். மோடம் பிடியை விட்டுவிட்டு மறுபடி இணையப் பார்க்கும். மலையில் மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும். லைன் மாலையில் சாகும், இரவு முழுக்கத் தடுமாறும், காலை வெயிலில் காய்ந்து பிழைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு ஏணியோடு வருபவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். புகார் மூடப்படும். மறுநாள் மாலை மறுபடி அதே கதை.

இந்தச் சுழலை உடைத்தது ஒரு சாதாரணக் குறிப்பேடு. எந்த நாள், எத்தனை மணி, மழையா வெயிலா, எவ்வளவு நேரம் என்று ஒரு வாரம் எழுதி வைத்தவர்களின் புகாருக்கு எடை இருந்தது. ஈரத்தோடு வரும் பழுது அந்தப் பக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு மோடத்தின் உள்பக்கத்தில் தெரியும் இரைச்சல் இடைவெளி என்ற எண்ணையும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது: 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் லைன் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். பிறகு பாதியாகப் பிரிக்கும் வேலை. வீட்டிலுள்ள எல்லா போன்களையும் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் பிளக்கில் மோடத்தை மட்டும் சொருகிப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாக ஓடினால் குறை வீட்டுக்குள். அங்கேயும் தடுமாறினால் குறை வெளியே. போன் மணி அடிக்கும்போதெல்லாம் அறுந்தால், குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஃபில்டரையோ பழுதான ஒட்டையோ சந்தேகிக்கலாம். உலகில் மின்னல் அதிகம் இறங்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்பதால், இடி நெருங்கும்போது மோடத்தின் மின்சாரத்தோடு போன் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கிவைப்பது வழக்கமானது. மின்னலின் அடி இரண்டு வழியிலும் வரும்.

எல்லாப் பழுதும் மலையில் இல்லை என்று காட்டிய நாள் 2006 டிசம்பர் 26. தைவானின் தெற்கே ஏற்பட்ட நிலநடுக்கம் கடலடிக் கேபிள்கள் பலவற்றை அறுத்தது. அவற்றில் ஒன்றான ஏபிசிஎன்-2 இதே பகாங் மாநிலத்தின் குவாந்தானிலேயே கரையேறியது. மலேசியா முழுக்க வெளிநாட்டுத் தளங்கள் நகராமல் நின்றன. இத்தகைய நாளில் மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. வீட்டிலிருந்து பழுது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளக்க, 1983-இல் மைக் மூஸ் எழுதிய பிங் நிரல் இன்றும் போதும். முதலில் ரவுட்டருக்கு, பிறகு உள்நாட்டுத் தளத்துக்கு, கடைசியில் வெளிநாட்டுத் தளத்துக்கு என்று மூன்று முறை அனுப்பிப் பார்த்தால், பதில் எங்கே நிற்கிறதோ அதற்கு அப்பால்தான் குறை.

லயங்களுக்கு இணையம் முதலில் கம்பி வழியாக வரவில்லை. கைப்பேசி கோபுரம் வழியாக வந்தது. யூஎஸ்பி டாங்கிள், பிறகு சிம் கார்டு போடும் ரவுட்டர். ஜன்னலோரம் ஓர் ஆணியில் அதைத் தொங்கவிட்டு, சிக்னல் கோடுகள் ஏறும் இடம் தேடுவது பல குடும்பங்களின் அனுபவம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடம் திரைக்குள் போனபோது, அந்தக் கோடுகள் பிள்ளைகளின் படிப்பையே தீர்மானித்தன. இரண்டு கோட்டுக்கும் ஒரு கோட்டுக்கும் நடுவே ஆடும் சிக்னலோடு வகுப்பில் உட்கார்ந்த தோட்டத்துப் பிள்ளைகளின் சிரமம் லேசானது இல்லை. அதே ஆண்டு, இணைய இணைப்பை மேம்படுத்தும் ஜெண்டேலா திட்டத்தை அரசு அறிவித்தது. 2021 இறுதியில் 3ஜி சேவை மூடப்பட்டது. 3ஜி மட்டுமே பிடிக்கும் பழைய டாங்கிள்கள் அதோடு பயனற்றுப் போயின.

மூடுபனி இறங்கினால் சிக்னல் போகும் என்று பலர் நம்புகிறார்கள். கைப்பேசி பயன்படுத்தும் அலைவரிசைகளை மூடுபனி பெரிதாகத் தடுப்பதில்லை. தடுப்பவை மலைமுகடும் நனைந்த மரக்கூட்டமும். இவற்றோடு கூட்டமும் சேரும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் சுற்றுலாப் பயணிகள் மலையேறும்போது ஒரே கோபுரத்தின் கொள்ளளவை ஆயிரம் கைகள் பங்குபோடுகின்றன. சிக்னல் கோடு முழுதாக இருந்தும் பக்கம் திறக்காவிட்டால் ரவுட்டரை நகர்த்துவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதிகாலையில் ஒருமுறையும் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும் வேகத்தை அளந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கண்ணாடி இழை யூனிஃபை என்ற பெயரில் 2010 மார்ச்சில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியது. புறநகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் அதிவேக இணையத்தைக் கொண்டுபோகும் ஒப்பந்தம் 2015 டிசம்பரில்தான் கையெழுத்தானது. இழைக்கு ஈரத்தால் கேடு குறைவு, மின்னலும் அதில் பாய்வதில்லை. ஆனால் அதை மடிக்கக் கூடாது. சோபாவுக்குப் பின்னால் கூர்மையாக மடங்கிய இழையிலிருந்து ஒளி கசிந்துவிடும். இணைப்பு முனையில் படிந்த ஒரு துளி தூசியும் ஒளியை மறிக்கும். சுவரில் இருக்கும் பிடியூ பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்; பச்சை விளக்கு நிலையாக இருந்தும் இணையம் இல்லையென்றால் குறை ரவுட்டரிலோ கணக்கிலோ இருக்கும். மண்சரிவின் ஆபத்து மட்டும் பழையபடியே நீடிக்கிறது.

இழை வந்த வீடுகளில் பழுது கடைசிப் பத்து அடிக்கு நகர்ந்தது. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் சுவர் பகிரும் வீடுகளின் வரிசை. ஆறு வீட்டில் ஆறு ரவுட்டர் இருந்தால் எல்லாமே 2.4 கிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதும்; அங்கே ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். அருகில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்சுக்கு மாற்றினால் நெரிசல் குறையும். எது குறை என்று அறிய வழி பழையதுதான்: ஒரு கேபிளை ரவுட்டரில் நேராகச் சொருகிப் பார்ப்பது. கேபிளில் நிலையாக ஓடி வைஃபையில் தடுமாறினால், டெலிக்கோமை அழைக்கும் முன் ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வைக்கலாம்.

2023 ஜூலையில் ஸ்டார்லிங்குக்கு மலேசியாவில் உரிமம் கிடைத்த பிறகு, இழை எட்டாத வீடுகளுக்கு வானத்து வழியும் திறந்தது. அதன் தட்டுக்கு மறைப்பில்லாத வானம் வேண்டும். செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒரே ஒரு மரக்கிளை குறுக்கே நின்றாலும் சில நிமிடத்துக்கு ஒருமுறை லைன் வந்து வந்து போகும். அங்கேயும் நேரத்தைக் குறித்து வைத்தால், குறுக்கே ஏதோ மறைக்கிறது என்பது தெரிந்துவிடும்.