மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வலி மருந்துகளைப் பாதுகாப்பாக நிறுத்துதல்

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வீடு திரும்பும்போது, மூன்று அல்லது நான்கு வகை வலி மருந்துகள் ஒரே சமயத்தில் எழுதித் தரப்படுவதுண்டு. அவற்றை எப்போது, எந்த வரிசையில், எவ்வளவு விரைவாக நிறுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. மாத்திரை பழகிவிடும் என்னும் அச்சத்தால் சிலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகின்றனர். பிறகு வலியினால் பயிற்சி செய்ய இயலாமல் முழங்கால் இறுகிப்போகிறது. வேறு சிலர் பழைய மருத்துவச் சீட்டைக் கொண்டே மாதக்கணக்கில் மாத்திரை வாங்கி உட்கொள்கின்றனர். இதனால் சிறுநீரகமும் இரைப்பையும் பாதிக்கப்படலாம், மருந்துச் சார்பும் ஏற்படலாம். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒரு மருந்தாக, படிப்படியாக, மருத்துவர் வகுத்துத் தந்த திட்டப்படி குறைத்தல்.

முக்கியக் குறிப்புகள்

• வலிமை மிகுந்த மருந்தை முதலில் குறைக்கவும். பாராசிட்டமாலை இறுதியில் நிறுத்தவும்.
• இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்ட டிரமடால் போன்ற மருந்துகளைத் திடீரென நிறுத்தக் கூடாது.
• இரத்தம் உறையாமல் இருக்கத் தரப்படும் மாத்திரை அல்லது ஊசி வலி மருந்தன்று. வலி குறைந்துவிட்டது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது.
• மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலேயே, மருந்துகளை நிறுத்தும் திட்டத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெறவும்.

வலி எவ்வளவு காலம் நீடிக்கும்?

முழங்கால் மாற்று சிகிச்சைக்குப் பின் முதல் இரண்டு வாரங்களில் வலி மிகுதியாக இருக்கும். பெரும்பாலானோருக்கு ஆறு வாரங்களுக்குள் அது கணிசமாகத் தணியும். வீக்கமும், பயிற்சிக்குப் பின் தோன்றும் இலேசான வலியும் மூன்று மாதங்கள் வரையிலோ அதற்கு மேலுமோ இருக்கக்கூடும். இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பின் வலி பொதுவாக இதைவிட விரைவாகத் தணிகிறது.

வலி முற்றிலும் மறைவது இக்காலத்தில் எதிர்பார்க்கத்தக்கதன்று. இரவில் ஓரளவு உறங்க முடிகிறதா, கழிப்பறைக்கு நடந்து செல்ல முடிகிறதா, இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளைச் செய்ய முடிகிறதா என்னும் மூன்றையும் கவனியுங்கள். இவை இயலுமானால், சிறிது வலி இருப்பினும் மருந்தைக் குறைக்கத் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

உங்கள் மருந்துகளை அறிந்துகொள்ளுங்கள்

மாத்திரை அட்டையில் வணிகப் பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் சிறிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். நிறுத்தும் முறை மருந்தின் பெயரைப் பொறுத்தது. எனவே மருந்தாளுநரிடம் கேட்டு, ஒவ்வோர் அட்டையின் மீதும் அது எவ்வகை மருந்து என்று எழுதி வைக்கவும்.

1. ஓபியாய்டு வகை: டிரமடால், டப்பென்டடால் மாத்திரைகள், பியூப்ரெனார்ஃபின் தோல் ஒட்டுப்பட்டை. இவை மூளையிலும் தண்டுவடத்திலும் செயல்பட்டு வலியுணர்வைக் குறைக்கின்றன. உடல் இவற்றுக்குப் பழகிவிடுவதால் படிப்படியாகவே குறைக்க வேண்டும். டிரமடால் 2018 முதல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டிற்குள் உள்ளது. மருத்துவச் சீட்டின்றி இதை வாங்கவோ விற்கவோ கூடாது.

2. நரம்பு வலி மருந்துகள்: ப்ரீகேபலின், கேபபென்டின். இவற்றையும் திடீரென நிறுத்தக் கூடாது. குறைந்தது ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

3. வீக்கமும் வலியும் தணிக்கும் மருந்துகள்: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், எட்டோரிகாக்சிப். இவற்றை உடனே நிறுத்தினாலும் விலகல் அறிகுறிகள் தோன்றுவதில்லை. ஆனால் நீண்ட நாள் உட்கொண்டால் இரைப்பைப் புண், இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவை நேரிடலாம். மருத்துவர் குறித்த நாட்களுக்கு மேல் தொடர வேண்டாம்.

4. பாராசிட்டமால்: சரியான அளவில் உட்கொண்டால் பெரும்பாலானோருக்குப் பாதுகாப்பானது. பழக்கத்தை ஏற்படுத்தாது.

எந்த வரிசையில் நிறுத்துவது?

பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை இது: முதலில் ஓபியாய்டு மருந்து, அடுத்து வீக்கம் தணிக்கும் மருந்து, இறுதியில் பாராசிட்டமால். நரம்பு வலி மருந்தை எந்தக் கட்டத்தில் குறைப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஒரே வாரத்தில் இரண்டு மருந்துகளைக் குறைத்தால், தோன்றும் தொல்லைக்கு எது காரணம் என்று அறிய இயலாது. ஆகவே ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்கவும்.

இரைப்பையைப் பாதுகாக்கத் தரப்பட்ட பான்டோப்ரசோல் போன்ற மாத்திரை, வீக்கம் தணிக்கும் மருந்துடன் சேர்ந்தே பெரும்பாலும் முடிவுக்கு வரும். எனினும் ஆஸ்பிரின் உட்கொள்பவர்கள் கேட்டறிந்த பின்னரே அதை நிறுத்த வேண்டும்.

ஓபியாய்டு மருந்தைக் குறைக்கும் முறை

ஒரு வாரத்திற்கும் குறைவாக உட்கொண்டவர்கள் பெரும்பாலும் நேரடியாகவே நிறுத்தலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் உட்கொண்டவர்கள் வேளைகளைக் குறைத்து நிறுத்த வேண்டும். இடைப்பட்ட காலம் உட்கொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

எடுத்துக்காட்டாக, டிரமடால் 50 மி.கி. மாத்திரையைக் காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் மூன்று வாரங்கள் உட்கொண்ட ஒருவருக்கு மருத்துவர் கீழ்க்காணும் திட்டத்தைத் தரக்கூடும்:

• முதல் 3 நாட்கள்: நண்பகல் வேளையை நிறுத்துதல், காலையும் இரவும் மட்டும்.
• அடுத்த 3 நாட்கள்: காலை வேளையையும் நிறுத்துதல், இரவில் மட்டும்.
• அதன் பின்: முழுமையாக நிறுத்துதல்.

இது விளக்கத்திற்கான எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் வயது, உடல் எடை, உட்கொண்ட அளவு ஆகியவற்றுக்கேற்பத் திட்டம் மாறும். ஒரு படியில் தொல்லை தோன்றினால், பழைய அளவிற்குத் திரும்புவதைவிட அதே படியில் சில நாட்கள் நின்று, மருத்துவரைக் கலந்து பின்னர் தொடர்வது நல்லது. பயிற்சிக்கு முன்பு உட்கொள்ளும் வேளையைக் கடைசியாகக் குறைப்பது சிலருக்கு ஏற்றதாக இருக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. முழு மருந்தும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும்.

தோல் ஒட்டுப்பட்டை அணிந்திருப்பவர்கள் அதன் மீது வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. வெப்பத்தால் மருந்து மிகையாக உடலில் ஏறும். பட்டையை நீக்கிய பிறகும் மருந்தின் செயல் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கலாம். அக்காலத்தில் மருத்துவரைக் கேளாமல் வேறு ஓபியாய்டு மருந்தை உட்கொள்ள வேண்டாம்.

விலகல் அறிகுறிகள்

ஓபியாய்டு மருந்தை விரைந்து நிறுத்தினால், ஓரிரு நாட்களுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வயிற்றுப்போக்கு, உடல்வலி, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றலாம். டிரமடால் உட்கொண்ட சிலருக்குக் கடும் பதற்றமும் கை கால்களில் மரமரப்பும் ஏற்படலாம். இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் தணியும்.

இவ்வறிகுறிகளைச் சளிக் காய்ச்சல் என்றோ, மூட்டில் கோளாறு என்றோ எண்ணிவிடுவது உண்டு. இவை தோன்றுவதால் நீங்கள் மருந்துக்கு அடிமையாகிவிட்டீர்கள் என்று பொருளாகாது. மருந்துக்குப் பழகிய உடல் அது குறைவதற்கு எதிர்வினை காட்டுகிறது. குறைக்கும் வேகத்தைத் தணித்தால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் வலிக்காக அன்றி உறக்கத்திற்காகவோ மன அமைதிக்காகவோ மாத்திரையை நாடுதல், குறித்த அளவைத் தாண்டுதல், வீட்டாருக்குத் தெரியாமல் வாங்குதல் ஆகியவை இருப்பின் தயங்காமல் மருத்துவரிடம் கூறவும். இதற்குச் சிகிச்சை உண்டு.

பாராசிட்டமால் கணக்கு

வயது வந்தோர் ஒரு நாளில் உட்கொள்ளத்தக்க பாராசிட்டமாலின் உச்ச அளவு 4,000 மி.கி. முதியோர், உடல் எடை குறைந்தோர், கல்லீரல் நோயுள்ளோர், மது அருந்துவோர் ஆகியோருக்கு மருத்துவர் இதைவிடக் குறைந்த அளவையே பரிந்துரைப்பார்.

இங்கே நேரும் பிழை பெரும்பாலும் கூட்டு மாத்திரைகளால் வருவது. டிரமடாலுடனும் அசிக்ளோஃபெனாக்குடனும் 325 மி.கி. பாராசிட்டமால் சேர்ந்த மாத்திரைகள் பரவலாக விற்கப்படுகின்றன. ஒருவர் 650 மி.கி. பாராசிட்டமாலை நான்கு வேளையும் (2,600 மி.கி.), கூட்டு மாத்திரையை மூன்று வேளையும் (975 மி.கி.) உட்கொண்டால் மொத்தம் 3,575 மி.கி. ஆகிறது. அதே நாளில் 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை ஒன்றைச் சேர்த்தாலும் உச்ச அளவு கடந்துவிடும். மாறாக, கூட்டு மாத்திரையை நிறுத்தும்போது அதிலுள்ள பாராசிட்டமாலும் சேர்ந்தே நின்றுவிடும். அதற்கு ஈடாகத் தனிப் பாராசிட்டமால் தேவையா என்று கேட்கவும்.

மருந்து குறையும்போது துணைபுரிபவை

• பனிக்கட்டி ஒத்தடம்: துணியில் சுற்றி, ஒரு முறைக்கு 15 முதல் 20 நிமிடங்கள். தோலின் மீது நேரடியாக வைக்கக் கூடாது.
• முழங்கால் மாற்று செய்தோர் காலை உயர்த்தி வைக்கும்போது, தலையணையைக் குதிகாலின் கீழ் வைக்கவும். முழங்காலுக்கு அடியில் வைத்தால் மூட்டு மடங்கியே இறுகிவிடும்.
• பயிற்சிக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு குறிக்கப்பட்ட மாத்திரையை உட்கொள்ளவும். நீண்ட நேரப் பயிற்சியைச் சிறு பகுதிகளாகப் பிரித்துச் செய்யவும்.
• மலச்சிக்கல் வலியைக் கூட்டும். ஓபியாய்டு மருந்து உட்கொள்ளும் வரை நீர், நார்ச்சத்து உணவு ஆகியவற்றுடன் மருத்துவர் தந்த மலமிளக்கியையும் தொடரவும்.
• காயம் முழுமையாக ஆறும் வரை எண்ணெய் தேய்த்தல், பற்றுப் போடுதல், உருவி விடுதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

அறுவை சிகிச்சைக்கு முன்பிருந்தே டிரமடால் போன்றவற்றை உட்கொண்டவர்களுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும். வலிப்பு நோயுள்ளோர், மனச்சோர்வுக்கு மாத்திரை உட்கொள்வோர், சிறுநீரகக் கோளாறு உள்ளோர், உறக்கத்தில் மூச்சுத்திணறல் உள்ளோர், 65 வயதைக் கடந்தோர் ஆகியோர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஓபியாய்டு மருந்துடன் மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கும் ஆபத்து உண்டு. இம்மருந்துகளை உட்கொள்ளும் காலத்தில் வாகனம் ஓட்ட வேண்டாம்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், மருந்தின் பெயர், அளவு, 0 முதல் 10 வரையிலான வலி மதிப்பு, அன்று நடந்த தொலைவு ஆகியவற்றை எழுதி வரவும். மறு பரிசோதனைக்குச் செல்லும்போது அக்குறிப்பேட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டு செல்லவும். மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவும். எஞ்சியவற்றை மற்றவர் மூட்டு வலிக்குக் கொடுக்கக் கூடாது. மருத்துவமனை மருந்தகம் திரும்பப் பெறுமா என்று கேட்கவும்; இயலாவிடில் பயன்படுத்திய தேயிலைத்தூளோடு கலந்து, உறையிலிட்டு மூடிக் குப்பையில் சேர்க்கவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

தணிந்து வந்த வலி திடீரென மிகுந்தால், மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் காரணத்தை அறிய வேண்டும். பின்வருவன இருப்பின் அன்றே மருத்துவரை அணுகவும்: காயத்தில் சிவப்பு, சீழ் அல்லது நீர்க்கசிவு, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், ஒரு காலின் கெண்டைச் சதையில் வீக்கமும் வலியும், கருநிற மலம், சிறுநீர் வெகுவாகக் குறைதல். மூன்று மாதங்களுக்குப் பின்னும் நாள்தோறும் வலி மருந்து தேவைப்பட்டால், அறுவை சிகிச்சை செய்த பிரிவில் மறுபரிசோதனை செய்துகொள்ளவும்.

பின்வரும் நிலைகளில் உடனே 108 ஐ அழைக்கவும்: எழுப்பினாலும் விழிக்காத உறக்கம், மிக மெதுவான மூச்சு, உதடு நீலமாதல், வலிப்பு, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி. மயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம். சில நாட்கள் நிறுத்திய ஓபியாய்டு மருந்தைப் பழைய அளவிலேயே மீண்டும் உட்கொள்வதும் இத்தகைய ஆபத்துக்கு வழிவகுக்கும்.

உதவி எண்கள்

அவசர ஊர்தி: 108
மருத்துவ ஆலோசனை, தமிழ்நாடு: 104
மனநல ஆலோசனை, டெலி மானஸ்: 14416

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. இவை உங்கள் மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.