துன்னலும் தையலும்

எறணாகுளத்துப் பிராட்வே வீதியை மிதியாத தமிழ்க் குடும்பம் கொச்சியில் இராது. தீபாவளித் துணி, குடை, பாத்திரம், பிள்ளைகளின் பள்ளிப் பை என ஏதேனும் ஒன்றன் பொருட்டு அங்கே போய்த்தான் ஆகவேண்டும். அவ்வீதியிலும் அதனின்று பிரியும் துணிக்கடைச் சந்துகளிலும் நூற்கண்டு, பித்தான், ஊசி, லேஸ் நாடா ஆகியவற்றை விற்கும் சிறு கடைகள் உண்டு. பெண்டிர் அவற்றினுள் புகுந்தால் வெளிவர ஒரு நாழிகையாகும். ஆடவர் வாயிலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பர். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறு நின்றவர்தாம்.

நம் துணைவியார் எறணாகுளத்திலும் அவர்தம் தங்கை நாகர்கோயிலிலும் வாழ்கின்றனர். இருவர்க்கும் இடையே ஒரு துணிப்பை ஓயாது போய்வந்து கொண்டிருக்கும். அதனுள் பாதி முடிந்த குரோஷா மேசைவிரிப்பு, காலர் தைக்காத சட்டை, குழந்தைக்கான கம்பளிக் குல்லாய் என ஏதேனும் இருக்கும். அக்கை தொடங்கியதைத் தங்கை வளர்ப்பார். தங்கைக்கு அலுத்ததை அக்கை முடிப்பார். அஞ்சலிலும் போகும், ஊருக்குச் செல்பவர் கையிலும் போகும். இதை நாம் நெடுங்காலம் பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் வாயிலில் நின்றபடி, இந்தப் பின்னல் நம் பெண்டிர் கைக்கு எப்போது வந்தது என்ற ஐயம் எழுந்தது. அதனைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். நாம் தையல் என்பதை மலையாளிகள் துன்னல் என்பர். புதிதாக வரும் தமிழர்க்கு அது வேற்றுமொழிச் சொல்லாகவே தோன்றும். ஆனால் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பயின்றவர், புகார் நகரின் தொழிலாளருள் துன்னகாரரும் எண்ணப்படுவதை அறிவர். துணி தைப்போர் என்பதே அதன் பொருள். சேரர்குடித் துறவியின் காப்பியத்தில் உள்ள சொல்லைச் சேரநாட்டார் வைத்துக்கொண்டிருக்க, நாம் வழக்கொழித்துவிட்டோம். அதற்கு ஈடாக நம்மிடம் நின்ற தையல் என்னும் சொல்லோ, தைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும்.

சொல் அவ்வாறு நின்றாலும், பண்டைத் தமிழகத்தில் நூல் தொடர்பாகப் பெண்டிர்க்கு உரியதாக இலக்கியம் காட்டுவது நூற்பு. புறநானூறு பருத்திப் பெண்டிரைக் காட்டுகிறது. நற்றிணை, துணையற்ற மகளிர் நுண்ணூல் நூற்றமையைக் குறிப்பிடுகிறது. கணவனை இழந்தவளுக்குக் கதிர் ஒன்றே காப்பு என்னும் நிலையை அங்கே காண்கிறோம். இன்று நாம் வீடுகளில் காணும் லேஸும் குரோஷாவும் கம்பளிப் பின்னலும் அவ்வழி வந்தவையல்ல; அவை மேலைநாட்டிலிருந்து, பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவை. வந்து இறங்கிய இடங்களுள் தலையாயது நாகர்கோயில். நம் வீட்டுத் துணிப்பை போய்வரும் அதே ஊர்!

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட் அம்மையாரும் 1819இல் நாகர்கோயிலுக்கு வந்தனர். அம்மையார் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1821இல் அச்சிறுமியர்க்கு லேஸ் பின்னக் கற்பித்தார். எழுத்தறிவு பெண்ணுக்கு எதற்கென்று பெற்றோர் கேட்ட காலம் அது. காசு தரும் கைத்தொழில் உண்டு எனில் பிள்ளையை அனுப்புவர் என்பது அம்மையாரின் கணக்காக இருந்திருக்கலாம். கணக்கு பிழைக்கவில்லை.

அந்த வேலையின் அருமையை ஈண்டுச் சிறிது விரித்தல் தகும். கெட்டியான திண்டு ஒன்றை மடியில் வைத்து, துளையிட்ட கோலத்தாளை அதன்மேல் பொருத்துவர். துளைதோறும் குண்டூசி நிற்கும். நூல் சுற்றிய சிறு கட்டைகள் இணை இணையாகத் தொங்கும். அவற்றை வலமும் இடமும் மாற்றி முறுக்கிக் குறுக்கிட்டு, ஊசியைச் சுற்றி நூலைப் படியச் செய்ய வேண்டும். இணை ஒன்று தவறினால் பூவின் இதழ் சிதையும். ஒரு விரற்கடை நீளம் வளர்வதற்குள் பொழுது சாயும். வேர்த்த கை பட்டால் நூலின் வெண்மை கெடும். நம் தென்கோடியின் வெயிலில் இதனைச் செய்தனர் என்பதை நினைக்க வேண்டும்.

அப்பள்ளியில் பயின்றவருள் அடிமைக் குடிகளின் பிள்ளைகளும் இருந்தனர். திருவிதாங்கூரில் மனிதரை விற்றலும் வாங்கலும் வழக்கில் இருந்த காலம். கொச்சி அரசு 1854இலும் திருவிதாங்கூர் அரசு 1855இலும்தான் அடிமைமுறையை ஆணையிட்டு ஒழித்தன. அதற்கு முன்பே, லேஸ் விற்ற பணத்தைச் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்ற பெண்கள் சிலர் நாகர்கோயிலில் இருந்தனர். அரசாணை வருவதற்கு முன் ஊசிமுனை வந்தது என்க. இச்செய்தியை முதன்முதல் படித்த அன்று, வீட்டுக் கூடத்தில் கிடந்த பாதி முடிந்த மேசைவிரிப்பை நாம் வேறு கண்கொண்டு பார்த்தோம்.

தையல் அந்நாட்டில் மற்றொரு பெரும் பூசலிலும் இடம்பெற்றது. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மார்பை மறைத்தல் கூடாது என்ற கொடுவழக்கை எதிர்த்து எழுந்த தோள்சீலைப் போராட்டத்தை நம்மவர் அறிவர். மால்ட் அம்மையாரும், மற்றொரு மிஷனரியான சார்லஸ் மீட் என்பாரின் மனைவியும், அப்பெண்கள் அணியத்தக்க தளர்ந்த குப்பாயம் ஒன்றை வகுத்துத் தந்தனர். 1829ஆம் ஆண்டு அரசாணை, கிறித்தவராகிய அப்பெண்கள் குப்பாயம் அணியலாம், மேற்சீலை இடுதல் ஆகாது என்று துணியை அளந்து உரிமை வழங்கிற்று. 1859 சூலை 26 அன்று உத்திரம் திருநாள் மன்னரின் ஆணை வந்த பின்னரே, அதுவும் சில வரையறைகளோடு, வழி பிறந்தது. குப்பாயம் அணிந்து சந்தைக்குச் சென்ற பெண்ணின் ஆடை கிழிக்கப்பட்டது என்றால், அவள் அதனை மீண்டும் தைத்தாள் என்பதும் உடன் நிகழ்ந்த வரலாறே. கிழித்தவை வழக்கேடுகளில் உள. தைத்தவை எங்கும் இல.

நாகர்கோயிலில் 1822இல் பிறந்த மால்ட் அம்மையாரின் மகள் எலைசா, தமிழைத் தாய்மொழி போலப் பேசியவர். அவர் 1844இல் மணந்தது, பின்னாளில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிப் புகழ்பெற்ற கால்டுவெல் பெருமகனாரை! ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அந்நூலைப் போற்றாத தமிழ்ச்சங்க மலர் இல்லை, போற்றுதலும் முறையே. ஆயினும் அவர் இடையன்குடியில் ஆய்ந்துகொண்டிருந்த காலத்தில், எலைசா அம்மையார் அதே ஊரின் பெண்டிர்க்குத் தாயிடம் கற்ற லேஸ் பின்னலைக் கற்பித்தார் என்பதை எத்தனை மலர்கள் குறித்தன? தேரிமணலும் பனையுமாகக் கிடந்த ஊரில் அத்தொழில் பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது.

மிஷனரிகளைப் புகழ்வதே நம் நோக்கம் என்று கொள்ளற்க. நாகர்கோயில் லேஸ் கடல் கடந்து சென்றது. சீமாட்டிகளின் கழுத்திலும் மணப்பெண்ணின் முகத்திரையிலும் விளங்கிற்று. பின்னியவள் அதை அணிந்ததில்லை. கற்பித்தவரின் பெயர், பிறந்த ஊர், மணநாள் எல்லாம் நமக்குக் கிடைக்கின்றன. தன்னை விலைகொடுத்து மீட்டுக்கொண்ட பெண்ணின் பெயரைத் தேடினால் 'பள்ளிச் சிறுமி ஒருத்தி' என்ற அளவிலேயே நூல்கள் நின்றுவிடுகின்றன. இக்குறை நம்மை விட்டு நீங்கவில்லை.

குமரிப் பகுதியில் அப்பணி ஒரு சபையினரோடு நிற்கவில்லை. 1897 நவம்பர் 7 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகரிலிருந்து அன்னை மரி லூயீஸ் தெ மீஸ்டர் என்னும் துறவி, துணைத் துறவி ஒருவருடன் முளகுமூட்டுக்கு வந்து சேர்ந்தார். ஈப்பர் லேஸுக்குப் பேர்போன ஊர். அனாதைப் பிள்ளைகளைப் பேணிய முளகுமூட்டு மடத்தின் பூவேலையும் லேஸும் பின்னாளில் பெரும்பெயர் பெற்றன.

துறவியரை நாம் அருட்சகோதரி என்கிறோம். வாய்வழக்கில் சிஸ்டர் என்கிறோம். ஒரு வயிற்றில் பிறந்தவரும் சகோதரி, ஒரு மடத்தில் சேர்ந்தவரும் சகோதரி. நம் தேட்டத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் கூடிய இடம் ஒன்று உண்டு. அது நாகர்கோயிலில் அன்று, நாம் வாழும் எறணாகுளத்திற்கு வடக்கே, கூனம்மாவில் இருக்கிறது.

கொச்சிக் கரைக்கு எதிரே உள்ள வைப்பின் தீவில், ஓச்சந்துருத்து என்னும் ஊரில் 1831இல் பிறந்தவர் எலீசுவா. பதினாறு வயதளவில் மணம். இருபது வயதளவில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். மறுமணம் வேண்டாவென்று மகள் அன்னாவோடும் தம் தங்கை திரேசியாவோடும் தனித்து நோன்பு வாழ்க்கை வாழ்ந்தார். 1866 பிப்ரவரி 13 அன்று இம்மூவரும் கூனம்மாவில் கார்மேல் சபையின் மூன்றாம் நிலைத் துறவியராயினர். கேரளத்தில் அம்மண்ணின் பெண்களுக்கென எழுந்த முதல் துறவுமடம் அதுவே. தாய், மகள், தங்கை! மடத்துக்குக் கற்சுவர் இல்லை. பனம்பு என்னும் பின்னிய தட்டியால் அடைத்த வீடு அது. அதனால் பனம்பு மடம் என்றே பெயர் பெற்றது.

அவ்வீட்டில் 1868இல் பெண்கள் பள்ளியும் விடுதியும் தொடங்கின. படிப்போடு செபமாலை கோத்தலும் தையலும் கற்பிக்கப்பட்டன. நற்றிணை காட்டும் துணையற்ற மகளிர் நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் தனித்திருந்து நூற்றனர். எலீசுவா தங்கையோடிருந்து பிறர் மகளிர்க்கும் ஊசி பிடிக்கக் கற்பித்தார். 1890இல் வழிபாட்டு முறை வேறுபாட்டால் சபை இரண்டாகப் பிரிய, தாம் தொடங்கிய வீட்டை விட்டு மூவரும் வராப்புழைக்குச் சென்றனர். அங்கே 1913இல் அன்னை எலீசுவா மறைந்தார். 2025 நவம்பர் 8 அன்று வல்லார்பாடத்தில் அவர்க்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. நம் குடியிருப்பிலிருந்து பலர் சென்று வந்தனர். தங்கை திரேசியாவைப் பற்றிக் கேட்டோம், எவரும் விரித்துரைக்கவில்லை. தங்கையர்க்கு வரலாற்றில் கிடைக்கும் இடம் எப்போதும் அக்கையின் நிழலளவே போலும்.

பிராட்வேக்கு நடைதூரத்திலேயே மற்றொரு மடம் உண்டு. அதனை நிறுவிய லீமா ரோசின் அன்னை தெரேசா நம் சென்னையில் 1858இல் பிறந்தவர். 1887இல் எறணாகுளத்திற்கு வந்து, அவ்வாண்டு மே 9 அன்று புனித தெரேசா பள்ளியைத் தொடங்கினார். 1902 செப்டம்பர் 12 அன்று ஆந்திரப் பகுதியின் மங்கப்பட்டினத்தருகே நிகழ்ந்த இரயில் விபத்தில் உயிர்நீத்தார். அவர் வழிவந்த சபையினர் 1925இல் தொடங்கிய மகளிர் கல்லூரியில் நம் பெண்மக்கள் பலர் பயின்றுள்ளனர். அருகிலுள்ள சண்முகம் சாலை, கொச்சித் திவானாக இருந்த கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியார் பெயரால் வழங்குவதைப் பெருமையோடு கூறும் நம்மவர், சென்னையிலிருந்து வந்த இத்துறவியை மறந்துவிடுகின்றனர்.

காயலுக்கு அக்கரையில் மட்டாஞ்சேரி. 1967 நவம்பர் 1 முதல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயினும், எறணாகுளத்தார்க்கு அது இன்றும் அக்கரைதான். 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இருக்கும் தெருவில் சாரா கோஹன் என்னும் மூதாட்டி கைப்பூவேலைக் கடை நடத்தி வந்தார். யூத ஆடவர் அணியும் குல்லாய், ஓய்வுநாள் அப்பத்தை மூடும் துணி, மேசைவிரிப்பு ஆகியவை அங்கே தைக்கப்பட்டன. 1948க்குப் பின் அவர் இனத்தார் பெரும்பாலோர் இசுரேலுக்குப் பெயர்ந்தனர், அவர் பெயரவில்லை. 1999இல் கணவரும் மறைந்தார். பிள்ளைகள் இல்லை. சிறுவனாக அத்தெருவில் வணிகம் செய்ய வந்து அக்குடும்பத்தோடு ஒன்றிய தாஹா இப்ராஹிம் என்னும் இசுலாமியர் அவரையும் கடையையும் மகன்போலக் காத்தார். 2019 ஆகஸ்ட் 30 அன்று, தம் 96ஆம் வயதில், சாரா அம்மையார் காலமானார். அதன் பின்னரும் தாஹா அக்கடையைப் பேணிவந்தார்.

ஊர் பெயர்ந்து வாழும் நம்போன்றார்க்கு அந்த அம்மையார் வாழ்க்கை எதிர்த்திசையில் நின்று பேசுகிறது. உறவினர் எல்லாம் பெயர, ஊசியும் நூலுமாக ஒருவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். ஊசிவேலைக்கு உடன்பிறந்தார் வேண்டும். இல்லையேல் அயலாரேனும் உடன்பிறப்பாக வேண்டும் போலும்.

இவற்றையெல்லாம் துணைவியாரிடம் கூறினோம். கேட்டுக்கொண்டே பின்னினார். "அந்தப் பிள்ளைகளுக்குக் கண் வலித்திருக்கும்" என்றார். பின்பு மேசைவிரிப்பை விரித்து, எது வரை தம் கை, எங்கிருந்து தங்கையின் கை என்று காட்டினார். தங்கை நூலை இறுக்கி இழுப்பவராம். இவர் தளர விடுபவராம். நமக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. உற்றுநோக்கிய பின் வேறுபாடு புலனாயிற்று. விரிப்பின் ஓரத்தில், இருவர் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் தைக்குமாறு வேண்டினோம். "இதற்கெல்லாமா பெயர் போடுவார்கள்?" என்று நகைத்தார். ஆயினும் மறுநாள் பேச்சுவாக்கில், எழுத்துத் தைக்க நீலநூல் ஒரு கண்டு வேண்டும் என்றார். வரும் சனிக்கிழமை பிராட்வேக்குச் செல்கிறோம். வாயிலில் நிற்பதாக இல்லை.