இரும்பு மோதிரமும் இரண்டு மாத ஊதியமும்

சில வாரங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை என்னைச் சந்தித்தார். அவருடைய மகன் சிறுவயதில் எங்கள் மதரஸாவில் ஓதியவர். இப்போது சென்னையில் பணிபுரிகிறார். பெண் பேசி முடித்தாகிவிட்டது. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணுக்கு வைர மோதிரம் போடுவதென்று இரு வீட்டாரும் முடிவு செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் இரண்டு மாத ஊதியத்தை மோதிரத்திற்கு ஒதுக்குவதே உலக வழக்கம் என்று நகைக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். கையில் அவ்வளவு தொகை இல்லாததால், கடன் அட்டையில் தவணையாகக் கட்டலாம் என்று மகன் எண்ணுகிறார்.

"ஹஜ்ரத், வைரம் போடுவது கூடுமா?" என்று கேட்டார் தந்தை.

"கூடும். மஹர் எவ்வளவு?" என்றேன்.

"அது வழக்கம்போல ஐயாயிரத்து ஒன்று என்று எழுதிக்கொள்ளலாம்" என்றார்.

இரண்டு மாத ஊதியம் மோதிரத்திற்கு. ஐயாயிரத்து ஒரு ரூபாய் மஹருக்கு. இந்த இரண்டு கணக்குகளும் எங்கிருந்து வந்தன என்று அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தேன். பெண்கள் வைரம் அணிவது மார்க்கத்தில் ஆகுமானது. ஆனால் இன்ன தொகைக்குத்தான் வாங்க வேண்டும் என்ற அளவை வகுத்தவர் யார் என்பதை அறிந்துகொண்டு வாங்குவது நல்லது.

நம் மண்ணின் கல்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகச் சந்தைக்கு வந்த வைரத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் போன்ற சுரங்கங்களில் தோண்டியெடுத்த கற்கள், குதுப் ஷாஹி சுல்தான்களின் கோல்கொண்டாவில் கைமாறின. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வணிகர் தாவர்னியே அச்சுரங்கங்களை நேரில் கண்டு விரிவாக எழுதிவைத்திருக்கிறார். அக்காலத்தில் வைரம் அரசர்களின் கருவூலத்திற்கும் பெருஞ்செல்வர்களுக்கும் உரிய பொருள். அதை வாங்கிவைக்காவிட்டால் ஓர் ஏழையின் திருமணம் குறைபட்டுப்போகும் என்று எவரும் நினைத்ததில்லை.

வைரத்தை நிறுக்கும் 'கேரட்' என்ற சொல்கூட நமக்கு அந்நியமானதன்று. அது அரபியின் 'கீராத்' என்ற சொல்லோடு தொடர்புடையது. ஒரு மரத்தின் காய்க்குள் இருக்கும் சிறு விதையை எடைக்கல்லாகக் கொண்டு பிறந்த அளவு அது. இன்று ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். ஜனாஸாவில் பங்கேற்று அடக்கம் முடியும்வரை இருப்பவருக்கு இரண்டு கீராத் நன்மை என்றும், ஒவ்வொரு கீராத்தும் உஹுத் மலையளவு என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸில் வருவதும் இச்சொல்லே.

ஒரு நிறுவனத்தின் தேவை

1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தது. 1867இல் தென்னாப்பிரிக்காவின் ஹோப்டவுன் அருகே ஆரஞ்சு ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் கண்டெடுத்த கல் வைரம் என்று அறியப்பட்டது. 1871இல் கிம்பர்லியில் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். அதுவரை அரிதாக இருந்த கல் டன் கணக்கான மண்ணிலிருந்து குவியத் தொடங்கியது. பொருள் பெருகினால் விலை சரியும் என்பது சந்தையின் இயல்பு. அதைத் தடுக்க சுரங்க முதலாளிகள் ஒன்றிணைந்தார்கள். 1888இல் செசில் ரோட்ஸின் தலைமையில் டி பியர்ஸ் ஒருங்கிணைந்த நிறுவனம் உருவானது. எவ்வளவு கல் சந்தைக்குச் செல்ல வேண்டும், எவ்வளவு பெட்டகத்தில் கிடக்க வேண்டும் என்பதை நெடுங்காலம் அந்நிறுவனமே தீர்மானித்தது.

1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் வைர விற்பனை வீழ்ந்தது. அமெரிக்காவில் நிச்சயதார்த்தத்திற்கு வைர மோதிரம் வாங்கும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அது தளர்ந்துகொண்டிருந்தது. வாங்கியவர்களும் சிறிய கற்களையே வாங்கினார்கள். 1938இல் நிறுவனத்தின் வாரிசான ஹாரி ஓப்பன்ஹைமர் நியூயார்க் சென்று, என்.டபிள்யூ. அயர் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்தினார். திரைப்பட நடிகைகளின் விரல்களில் வைரம் மின்னியது. அவர்களுடைய மோதிரங்களைப் பற்றிய செய்திகள் இதழ்களில் வெளிவந்தன. உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பேச்சாளர்கள் சென்று மாணவிகளிடம் வைர மோதிரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

1947இல் அதே விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிய பிரான்சஸ் ஜெரெட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றைக்குமானது என்று பொருள்படும் வாசகத்தை எழுதினார். கல்லின் உறுதியைக் காதலின் உறுதியாக மாற்றிக்காட்டிய வாசகம் அது. அதில் ஒரு வணிகக் கணக்கும் இருந்தது. என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டிய பொருளை யாரும் திரும்ப விற்க வரமாட்டார்கள் அல்லவா? பழைய கற்கள் சந்தைக்குத் திரும்பினால் புதிய கற்களின் விலை நிலைக்காது.

ஊதியக் கணக்கும் இவ்வாறு பிறந்ததே. மாப்பிள்ளை எவ்வளவு செலவிட வேண்டும் என்பதற்கு விளம்பரங்கள் முதலில் ஒரு மாத ஊதியத்தைச் சொல்லின. 1980களில் அது இரண்டு மாதமாயிற்று. ஜப்பானில் மூன்று மாதம் என்றார்கள். அந்த நாட்டில் 1967இல் நூற்றுக்கு 5 மணப்பெண்கள்கூட வைர மோதிரம் பெறவில்லை; 1981இல் ஏறக்குறைய 60 பேர் பெற்றார்கள். 14 ஆண்டுகளில் விளம்பரம் ஒரு சமுதாயத்திற்குப் புதிய 'மரபை' உண்டாக்கிவிட்டது. அமெரிக்காவிலோ, 1939இல் 2.3 கோடி டாலராக இருந்த டி பியர்ஸின் மொத்த விற்பனை 1979இல் 210 கோடி டாலரைத் தாண்டியது.

நம் சகோதரரிடம் உலக வழக்கம் என்று சொல்லப்பட்டது இதைத்தான்.

மதீனாவின் அளவுகோல்

இதன் எதிரே மதீனாவின் ஒரு காட்சியைப் பாருங்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. ஒரு பெண்மணியை மணக்க விரும்பிய ஏழைத் தோழர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் அனுமதி வேண்டுகிறார். மஹராகக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை. வீட்டுக்குச் சென்று தேடிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஓர் இரும்பு மோதிரமாயினும் போதும் என்கிறார்கள். அதுவும் கிடைக்கவில்லை. அவரிடம் இருந்தது இடுப்பில் உடுத்தியிருந்த ஒரே வேட்டி. நெடுநேரம் அமர்ந்திருந்துவிட்டு அவர் எழுந்து செல்கிறார். நபியவர்கள் அவரைத் திரும்ப அழைத்து, குர்ஆனில் என்ன தெரியும் என்று கேட்டு, அவர் மனனம் செய்திருந்த அத்தியாயங்களின் பொருட்டால் அந்த நிக்காஹை முடித்துவைக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கொடுப்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதே அளவுகோலாக இருந்தது. மற்றொன்று, ஒன்றுமே இல்லாதவரிடமும் மஹர் கேட்கப்பட்டது. எளிமையின் பெயரால் பெண்ணின் உரிமை தள்ளுபடி செய்யப்படவில்லை.

வசதி வந்தபோது அளவும் மாறியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) ஒரு பேரீச்சங்கொட்டை எடையுள்ள தங்கத்தை மஹராகக் கொடுத்தார்கள். அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்களின் திருமணத்தில் அலீ (ரலி) தம் போர்க்கவசத்தைக் கொடுத்தார்கள். நபியவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. அதன் இன்றைய விலையைக் கடையில் ஒருமுறை விசாரித்துப் பார்த்தால், ஐயாயிரத்து ஒன்று என்று நாம் எழுதுவதை நபிவழி எளிமை என்று சொல்ல நா கூசும்.

மஹரை வரம்பின்றி உயர்த்தாதீர்கள் என்று உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். அதே வேளையில், ஒரு பொற்குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்பப் பறிக்காதீர்கள் என்று அன்னிஸா அத்தியாயத்தின் 20ஆம் வசனம் கட்டளையிடுகிறது. மார்க்கம் உச்சவரம்பு விதிக்கவில்லை. பெருமைக்காகச் சுமக்கும் பாரத்தை விரும்பவுமில்லை.

வாங்குவதானால்

ஆகவே வைரம் வாங்க விரும்பும் குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை வரிசையைப் பற்றியது. முதலில் மஹரை முடிவு செய்யுங்கள். அது பெண்ணின் கடமையாக்கப்பட்ட உரிமை. மோதிரம் வழக்கம், வசதி இருந்தால் செய்வது. மோதிரம் அன்பளிப்பா, மஹரின் ஒரு பகுதியா என்பதையும் இரு வீட்டாரும் முன்பே தெளிவாகப் பேசிவிட வேண்டும். பின்னால் எழும் பல மனக்கசப்புகள் இதைப் பேசாமல் விட்டதால் எழுபவை.

இரண்டாவது, கையில் உள்ள பணத்தில் வாங்குங்கள். வட்டியுடன் கூடிய தவணையில் வாங்கிய மோதிரத்தோடு இல்லறத்தைத் தொடங்கினால் அதில் பரக்கத்தை எப்படி எதிர்பார்ப்பது? மோதிரத்திற்கான செலவைக் கைக்கூலியாகப் பெண் வீட்டாரிடமே திரும்பப் பெறுவது அதைவிடக் கேவலம்.

மூன்றாவது, பொருளை அறிந்து வாங்குங்கள். எடை, நிறம், தூய்மை, வெட்டு ஆகிய நான்கும் சேர்ந்தே வைரத்தின் விலையைத் தீர்மானிக்கின்றன. அரை கேரட், ஒரு கேரட் போன்ற முழு அளவுகளுக்குச் சற்றுக் குறைவான கல் மலிவாகக் கிடைக்கும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சான்றிதழ் இல்லாத கல்லை வாங்க வேண்டாம். ஆய்வகத்தில் உருவாக்கும் வைரமும் வைரமே. 1954இல் அமெரிக்காவில் அதைச் செய்துகாட்டினார்கள். அதன் விலை மிகக் குறைவு. அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஆய்வகக் கல் என்று சொல்லாமல் விற்பது மோசடி. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்ற வியாபாரியை நபியவர்கள் கண்டித்தது இங்கும் பொருந்தும்.

விற்கும் நாளையும் நினைத்துப் பாருங்கள். தங்கத்தை அன்றைய விலைக்கு, சிறு கழிவோடு விற்கலாம். வைரத்தை விற்கப் போனால் வாங்கிய விலையில் பெரும்பகுதி கிடைக்காது. ஆய்வக வைரத்திற்கு இன்னும் குறைவு. கணவனை இழந்த பெண்ணுக்கோ, தலாக் பெற்ற பெண்ணுக்கோ அவளுடைய உடைமையே முதல் துணை. அந்த நாளில் அவள் கையில் என்ன மிஞ்சும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளைக்குத் தங்க மோதிரம் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராம். நபியவர்கள் அணிந்தது வெள்ளி மோதிரம். அரசர்களுக்கு எழுதும் கடிதங்களில் முத்திரையிடுவதற்காகச் செய்தது. நிக்காஹ் முடியும்வரை மாப்பிள்ளை பெண்ணுக்கு அந்நியரே. ஆதலால் மோதிரத்தை மாப்பிள்ளையின் தாயோ சகோதரியோ அணிவிக்கட்டும்.

அந்தத் தந்தை மறுவாரம் மகனையும் அழைத்து வந்தார். அவர்கள் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். மோதிரம் சிறியதாக இருந்தாலும் போதும், மஹரைத் தங்கமாகக் கொடுங்கள் என்று அந்தப் பெண் சொன்னாராம். சேமிப்பில் இருந்த பணத்தில் மூன்று பவுன் மஹருக்கும், மீதியில் சிறு கல் பதித்த ஒரு மோதிரமும் என்று முடிவாயிற்று. கடன் அட்டைப் பேச்சு அத்தோடு நின்றது.

நம் பிள்ளைகளின் இல்லறத்தைக் கடனிலிருந்தும் வீண்பெருமையிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.