ஆக்ஸிஜன் எட்டா, பதினாறா?

பி.எஸ்ஸி. வேதியியல் முதலாண்டில் நான் வாய் திறந்து கேட்ட ஒரே கேள்வி இதுதான். "சார், ஆக்ஸிஜனோட எடை ஒரு இடத்துல 16னு இருக்கு, இன்னொரு இடத்துல 8னு இருக்கு. எது சார் சரி?" வகுப்பு சிரித்தது. "பிளஸ் டூல என்னய்யா படிச்ச?" என்று கேட்டுவிட்டு ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் மூன்று வருடமும் நான் கை தூக்கவில்லை.

பிளஸ் டூவில் நான் படித்தது தமிழில். 'சமான எடை' என்று மனப்பாடம் செய்திருந்தது இங்கே வந்ததும் 'ஈக்விவலன்ட் வெயிட்' ஆகியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று தெரிய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. தெரிந்த பிறகும் பெரிய லாபமில்லை. தமிழிலேயே அது எனக்குப் புரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆய்வகத்தில் எனக்கும் என் மேசைத் துணைவனுக்கும் சேர்த்து ஒரு பியூரெட், ஒரு பிப்பெட். ஆக்ஸாலிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 126. கரைசல் தயாரிக்கும்போது மட்டும் 63 என்று வைத்துக் கணக்குப் போட வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் இன்னும் மோசம். மூலக்கூறு எடை 158. அமிலத்தில் அதற்கு 31.6, அமிலம் இல்லாத இடத்தில் 52.7. "என்ன மாப்ள இது, நேரத்துக்கு ஒரு எடை சொல்லுது? கள்ளத் தராசு மாதிரில்ல இருக்கு" என்றான் அவன். நியாயமான சந்தேகம். ஆனால் சந்தேகத்துக்கு மார்க் கிடையாது, ரீடிங்குக்குத்தான் மார்க். முதல் ரீடிங்கை ஒழுங்காக எடுப்போம். அடுத்த இரண்டை அதற்குப் பொருந்துகிற மாதிரி ரெக்கார்டில் எழுதிவிடுவோம். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டான். "நமக்கு வராது மாப்ள, விடு" என்று சொன்னது நினைவிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது வேதியியல் புத்தகத்தில் அல்ல, வேதியியலின் வரலாற்றில். அதுவும் பட்டம் வாங்கிப் பல வருடம் கழித்து.

முதலில் என் சிரிப்புக் கணக்கைத் தீர்த்து வைத்தவர் லவாய்சியர். 1789ல், பாரிஸில் புரட்சி வெடித்த அதே வருடம், அவர் வேதியியலுக்கு ஓர் அரிச்சுவடிப் புத்தகம் எழுதினார். நவீன வேதியியல் அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அதன் முன்னுரையில் அந்தக் காலத்துப் பாடநூல்களைப் பற்றி அவர் வைக்கிற புகார் கிட்டத்தட்ட இது: இவர்கள் விளக்காத சொற்களை வைத்துத் தொடங்குகிறார்கள், யாருக்குக் கற்றுக்கொடுக்க வந்தார்களோ அவர்களுக்கு அந்த அறிவியல் முன்பே தெரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார். முதல் பாட வகுப்பு, இந்தத் துறையின் மொழி காதுக்குப் பழகுவதற்கும் கருவிகள் கண்ணுக்குப் பழகுவதற்குமே சரியாக இருக்கும்; வேதியியலாளர் ஆக மூன்று நான்கு வருடமாவது வேண்டும். நான் இதைப் படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காதுக்குப் பழகுவதற்கே ஒரு வருடம் என்று யாராவது முதல் நாள் சொல்லியிருந்தால் போதுமே!

இனி எட்டும் பதினாறும். ஒரு கிராம் ஹைட்ரஜனோடு எட்டு கிராம் ஆக்ஸிஜன் சேர்ந்தால் தண்ணீர். இது தராசு சொல்வது, இதில் தகராறில்லை. தகராறெல்லாம் தண்ணீரின் ஒரு துகளுக்குள் ஹைட்ரஜன் எத்தனை என்பதில்தான். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்ஸிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைவிட எட்டு மடங்கு கனம். ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று என்றால் பதினாறு மடங்கு. உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. அணுக்கொள்கையைக் கொண்டுவந்த டால்டன், வேறு ஆதாரம் இல்லாதபோது எளிமையானதை வைத்துக்கொள்வோம் என்று ஒன்றுக்கு ஒன்று என்றே எடுத்துக்கொண்டார். 1811ல் இத்தாலிக்காரரான அவகாட்ரோ ஒரு வழி சொன்னார்: ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம அளவு வாயுக்களில் துகள்களின் எண்ணிக்கையும் சமம். இரண்டு பங்கு ஹைட்ரஜன் வாயுவும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் சேர்ந்து நீராவி ஆவதால், தண்ணீரில் ஹைட்ரஜன் இரண்டு. இன்று பள்ளிப் புத்தகத்தில் மூன்று வரியில் வருகிற இந்த விதியை அரை நூற்றாண்டு பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. அவகாட்ரோ 1856ல் இறந்தே போனார்.

இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவே எங்கள் வகுப்பு மாதிரிதான் இருந்தது. சிலர் ஆக்ஸிஜனுக்கு 8 போட்டார்கள், சிலர் 16. கார்பனுக்கு 6 என்றும் 12 என்றும். ஒரே பொருளை ஆளுக்கொரு வாய்பாட்டில் எழுதினார்கள். கெக்குலே 1861ல் வெளிவந்த தன் பாடநூலில் அசெட்டிக் அமிலத்துக்கு, அதாவது நம் வீட்டு வினிகரில் இருக்கிற சமாசாரத்துக்கு, புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளை வரிசையாக அடுக்கிக் காட்டுகிறார். ரெக்கார்டில் இதை எழுதியவர்கள் எல்லாம் பேராசிரியர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்ட 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் பேசினார்கள். ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்தார்கள். ஆனால் கலைகிற நேரத்தில் ஒரு சிறு பிரசுரம் கைக்குக் கை போயிற்று. அதை எழுதியவர் கன்னிசாரோ. சிசிலிக்காரர், 1848ன் சிசிலிப் புரட்சியில் சேர்ந்து, அது தோற்றதும் பிரான்சுக்குத் தப்பி ஓடி, பின்னர் ஊர் திரும்பி ஜெனோவா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். பிரசுரத்தில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. ஜெனோவாவில் தன் மாணவர்களுக்கு எந்த வரிசையில் பாடம் எடுக்கிறேன் என்று நண்பருக்கு எழுதிய நீண்ட கடிதம் அது. 1858ல் அச்சானது. நம் பாஷையில் சொன்னால், கிளாஸ் நோட்ஸ்.

அந்த நோட்ஸின் அழகைச் சொல்லாமல் போக மனமில்லை. தான் எந்தப் பாதையில் நடந்து இந்த முடிவுக்கு வந்தேனோ அதே பாதையில்தான் மாணவர்களையும் கூட்டிப் போகிறேன் என்கிறார். அதனால் பழைய சண்டைகளிலிருந்து தொடங்குகிறார். பிறகு ஒரு கணக்கு. ஆக்ஸிஜன் உள்ள வாயுக்களை எடுத்துக்கொள். ஹைட்ரஜனோடு ஒப்பிட்டு அவற்றின் அடர்த்தியை அள. அதை இரண்டால் பெருக்கினால் மூலக்கூறு எடை. நீராவிக்கு 18, அதில் ஆக்ஸிஜன் 16. கார்பன் மோனாக்ஸைடுக்கு 28, அதிலும் 16. கார்பன் டை ஆக்ஸைடுக்கு 44, அதில் 32. எங்கே பார்த்தாலும் 16 அல்லது அதன் மடங்கு. எட்டு எங்கேயும் தனியாக வருவதில்லை. அணுவைப் பிளக்க முடியாது என்றால் வருகிறவற்றில் மிகச் சிறியதுதானே அணுவின் எடை? முடிந்தது. எட்டு பொய்யில்லை, அது சேர்க்கையின் விகிதம். பதினாறு அணுவின் எடை. எங்கள் பெர்மாங்கனேட்டும் கள்ளத் தராசு இல்லை. அதன் அணு எடைகள் மாறவில்லை, அது செய்கிற வேலைதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஊர் திரும்பும் வழியில் இந்தப் பிரசுரத்தைப் படித்த லோதர் மேயர், கண்ணில் இருந்த திரை விலகியது போல் இருந்தது என்று பின்னாளில் எழுதினார்.

கூட்டத்தில் 26 வயதில் ஒரு ரஷ்யரும் உட்கார்ந்திருந்தார், மெண்டலீவ். 1867ல் அவர் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பொது வேதியியல் பேராசிரியர் ஆனார். முதல்நிலை மாணவர்களுக்குக் கொடுக்க ரஷ்ய மொழியில் தோதான புத்தகம் இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தார். அப்போது தெரிந்த தனிமங்கள் 63. எழுத எழுத நீண்டு, முதல் பாகம் முடிந்தபோது எட்டுத் தனிமங்களைத்தான் கடந்திருந்தார். மீதி 55. அடுத்த பாகத்துக்குள் அத்தனையையும் அடக்க வேண்டும். போர்ஷன் முடியவில்லை என்கிற இந்தத் தவிப்பு ஆசிரியர் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். எதற்குப் பின் எதைச் சொன்னால் மாணவனுக்குப் பிடி கிடைக்கும் என்று அணு எடைகளை வைத்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்ததில்தான் 1869ல் தனிம வரிசை அட்டவணை வந்தது. கனவில் வந்தது என்று ஒரு கதை உண்டு. எனக்கென்னவோ பாடத்திட்டக் கதைதான் பிடித்திருக்கிறது. கன்னிசாரோ ஒழுங்குபடுத்திய எடைகள் இல்லாமல், ஆக்ஸிஜன் எட்டாகவும் கார்பன் ஆறாகவும் இருந்திருந்தால், அந்த வரிசை குழம்பிப் போயிருக்கும். (மெண்டலீவின் புத்தகத்தில் பாடத்தை விழுங்கும் அளவுக்கு அடிக்குறிப்புகள். அந்த மாணவர்கள் எப்படித் தாங்கினார்களோ!)

அட்டவணையில் விட்டிருந்த காலியிடங்களுக்கு அவர் வைத்த தற்காலிகப் பெயர்களில் 'ஏக' என்ற சமஸ்கிருதச் சொல் வரும். ஏக அலுமினியம் என்று அவர் எழுதி வைத்தது 1875ல் காலியமாகக் கிடைத்தது. அதே 1875ல் தமிழிலும் ஒரு வேதியியல் நூல் அச்சில் வந்தது, 'கெமிஸ்தம்' என்ற பெயரில். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியில் வந்த நூல்களில் ஒன்று அது. ஆங்கிலத்தில் நடத்திவந்த வகுப்பை 1860களில் தமிழுக்கு மாற்றியவர் அவர். தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. உடற்கூறு, அறுவை, பிரசவம் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் வந்தது. வேதியியல் என்ற சொல் இன்றும் இலங்கையில் புழங்குவதில்லை, அங்கே இரசாயனவியல். கெமிஸ்தம் இரண்டும் இல்லை. இங்கிலீஷ் சொல்லுக்குத் தமிழ் வால் வைத்த மாதிரி இருக்கிறது. சிரிக்கலாம்தான். ஆனால் மாணவன் தெரிந்துகொண்டு வரட்டும் என்று காத்திருக்காமல், அவனிடம் போய்ச் சேர ஒரு சொல்லையே செய்து பார்த்திருக்கிறார்கள்.

என் ஆசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. எழுபது பேர் வகுப்பு, செமஸ்டருக்குள் ஐந்து யூனிட். அவரிடமும் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்பது வருடச் சண்டையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் பாடமாக வைத்தால், அதில் தடுக்கி விழுகிறவன் தன் காலைத்தானே குறை சொல்வான்?

என் மேசைத் துணைவன் இப்போது இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். ஹைட்ரோமீட்டரை ஆசிட்டில் விட்டு, மிதக்கிற கோட்டைப் பார்த்தே பேட்டரி தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவான். போன மாதம் ஒரு ராத்திரி ஃபோனில் இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். கார்ல்ஸ்ரூ, 19 வினிகர், கிளாஸ் நோட்ஸ், எல்லாம். நடுவில் அவன் ஒன்றுமே பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அப்ப அந்தப் பேராசிரியருக எல்லாம் அம்பது வருஷம் முழிச்சானுங்களா?"

"ஆமாடா."

"எனக்கு ஆறு மாசந்தானடா குடுத்தாய்ங்க" என்றான்.

பின்னால் யாரோ கஸ்டமர் குரல் கேட்டது. அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.