மணிக்கட்டும் கொழுந்து விரல்களும்

தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுவன கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலுமே. இம்மூன்றுக்கும் உணர்ச்சி தருவது நடுநரம்பு என்னும் ஒரே நரம்பு. மணிக்கட்டின் ஒடுங்கிய வழியால் அது உள்ளங்கையை அடைகிறது. ஸ்பிரிங்வெளி போன்ற பதுளை மலைத் தோட்டங்களில் வழுக்கி விழும் சிறுவன் கையை ஊன்றும்போது முறிவது ஆரை எலும்பின் கீழ்முனை. சிலவேளை நசுங்குவது இந்நரம்பு.

டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் கொலிஸ் 1814-இல், எக்ஸ் கதிர் தோன்றுவதற்கு 81 ஆண்டுகள் முன்பே, இம்முறிவை விவரித்தார். கோணலாகக் கூடினாலும் கை காலப்போக்கில் வலியின்றி இயங்கும் என்று ஆறுதலும் கூறினார். அவ்வாறுதல் எல்லாக் கைகளுக்கும் பொருந்தவில்லை. அந்நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் பஜெற் ஒரு நோயாளியைக் குறிப்பிடுகிறார். முறிந்த எலும்பு மிகையாய் வளர்ந்து நரம்பை அழுத்த, அந்த மூன்று விரல்களிலுமே புண் கண்டது. நரம்பு தளரும்படி மணிக்கட்டைக் கட்டியபோது புண் ஆறிற்று. கையைப் பயன்படுத்தியதும் மீண்டும் வந்தது. ஓய்ந்தால் ஆறும், உழைத்தால் புண்ணாகும் கை! நாட்கூலிக்காரர் வீட்டில் இதன் பொருளை நாம் விளக்க வேண்டுமா?

இறுகிய கட்டும் கையைக் கெடுக்கும் என்று 1881-இல் ஜெர்மானியர் வொல்க்மன் எழுதினார். மூங்கிற் பத்தை வைத்துக் கட்டும் நாட்டு வைத்தியர்மீது மட்டும் பழிபோடுவோர், அவர் எழுதியது ஐரோப்பியக் கைகளைப் பற்றி என்பதை மறத்தலாகாது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கான சட்டம் இலங்கையில் 1872-இலேயே பிறந்தது. சட்டத்தின் எழுத்து வேறு, மலைப்பாதை வேறு. பதுளைக்குப் புகையிரதம் வந்ததே 1924-இல்தான். 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமோ ஆண், பெண், சிறுவர் எனத் தனித்தனிக் கூலி வகுத்தது. சிறுவர் கையும் அன்று கூலிக் கணக்கில் அடங்கிய கை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடும் தோட்டத்தில் மரத்த விரலுக்கு என்ன மதிப்பு என்பதைத் தராசே சொல்லிவிடும்.

சிறுவரிடத்தில் நரம்பு பெரும்பாலும் நசுங்குமேயன்றி அறுபடுவதில்லை. எலும்பை நேராக்கியபின் வாரங்களிலோ மாதங்களிலோ தேறும். ஆனால் மரமரப்பும் வலியும் மணிக்கு மணி பெருகினால் காத்திருத்தல் கூடாது. கட்டைத் தளர்த்தி, வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். சத்திரசிகிச்சையால் அழுத்தத்தை நீக்க நேரலாம்.

மரத்திருப்பதைச் சொல்லச் சிறு பிள்ளைக்குத் தெரியாது. 1973-இல் ஓ ரியன் என்னும் மருத்துவர் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். இளஞ்சூட்டு நீரில் அரைமணி நேரம் ஊறினால் விரல்நுனி சுருங்கும். நரம்பு செயலிழந்த விரல் சுருங்காது. கட்டவிழ்த்த கையில் தாயே இதனைக் காணலாம். நீரின் சூட்டை முதலில் தன் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்த விரல் சுட்டாலும் பிள்ளை அறியாது.